மூணு படி, பார்த்து

சுங்கை லெம்பா
18 பிப்ரவரி 2001

அன்புள்ள ஜுவாட் எங் அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் லான் ஃபோங் வணங்கி எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் நலம். பெர்த்தில் உங்கள் உடம்பும் நலமாக இருக்க வேண்டும். புத்தாண்டுக்கு நீங்கள் அனுப்பிய நாள்காட்டி வந்து சேர்ந்தது. கங்காரு படம் போட்ட மாதத்தைக் கிழிக்க மனம் வராமல் இன்னும் அப்படியே வைத்திருக்கிறேன். அப்பா அதைப் பார்த்து, "இந்த வீட்டுல மட்டும் இன்னும் ஜனவரி போகல"ன்னு சொல்கிறார்.

மழை விடவில்லை. நடுமுற்றத்துக் கண்ணாடிக் கூரையில் ஒழுகுகிற இடத்துக்குக் கீழே வாளி வைத்திருக்கிறோம். அப்பாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, கேட்டால் இல்லை என்பார். ரயில் குறைந்துவிட்டதால் தங்க வருகிறவர்களும் குறைவு. கீழே கோப்பிக் கடையில் மட்டும் காலையில் நல்ல கூட்டம். எதிரே இருந்த சினிமாக் கொட்டகை இப்போது பறவை வீடு. ஜன்னல்களையெல்லாம் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, உள்ளே குருவிக் கூட்டம் கத்துகிற மாதிரி நாள் முழுக்க டேப் போடுகிறார்கள். அந்தச் சத்தத்தை நம்பி நிஜக் குருவி வந்து கூடு கட்டுமாம். கூட்டை எடுத்து சூப்புக்கு விற்பார்களாம்.

அந்தக் கொட்டகையை வாங்கிய முதலாளி, தவுக்கே லாவ், போன வாரம் நம் ஹோட்டலுக்கும் வந்தார். கதவு தட்டும் சத்தம் கேட்டதும் வழக்கம்போல மாடியில் பலகையைத் தூக்கித் தரையில் இருக்கும் ஓட்டை வழியாகப் பார்த்தேன். கடை முன் நடைபாதையான அஞ்சடியில் அவருடைய வழுக்கையும், கூட ஒரு மேஸ்திரியின் தொப்பியும் தெரிந்தன. அந்த ஓட்டை மட்டும் இல்லாவிட்டால் இந்த வீட்டில் நான் என்ன செய்வேன் என்று அடிக்கடி நினைப்பேன். ஆளுக்கு முன்னால் போய் நிற்பதற்குள் யார் என்று தெரிந்துவிடுகிறது பாருங்கள்.

அவர்கள் மேலே வந்து நடைவழியில் அந்த மூன்று படிகளின் பக்கத்தில் நின்றார்கள். தவுக்கே கையை மேலிருந்து கீழே வெட்டுகிற மாதிரி காட்டி, "சுவரு இங்கதான். அந்தப் பக்கம் குருவிக்கு, இந்தப் பக்கம் உங்களுக்கு"ன்னு சொன்னார். செங் பெங் கல்லறைப் பூசைக்கு நீங்கள் வரும்போது உங்கள் பக்கத்தை அவருக்கு எழுதிக் கொடுத்துவிடுவீர்கள் என்றும் சொன்னார். நீங்கள் இங்கே தங்காமல் அரசாங்க ரெஸ்ட் ஹவுஸில் தங்கப் போவதும் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அப்பா "போகட்டும்" என்று ஒரு வார்த்தைதான் சொன்னார்.

மாடிப்படி எங்கள் பக்கத்தில் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியும் குளியலறைகளும் உங்கள் பக்கத்தில். நடுவில் சுவர் வந்தால் இரண்டு பக்கமும் ஹோட்டலாக இருக்காது. மேஸ்திரிக்கே அது புரிந்து, "குளிக்க எங்க போவீங்க?"ன்னு கேட்டார். அன்று சாயங்காலம் அப்பா என்னிடம், பினாங்கில் மின்னணுப் பொருள் செய்கிற தொழிற்சாலையில் பெண்களுக்கு விடுதியும் உண்டு, ஒரே அறையில் பன்னிரண்டு பேர், நன்றாகப் பொழுதுபோகும் என்றார். பன்னிரண்டு பேர் என்றதும் எனக்குப் பயமாக இருந்தது, வாளியைக் காலி செய்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

மேஸ்திரி ஒன்று கேட்டார். "ஒரே சமயத்துல கட்டின கட்டடம், மாடி மட்டும் ஏன் ஒரு பக்கம் ஏறி நிக்குது?" அப்பா எங்கள் பக்கத்துக் கதையைச் சொன்னார். அண்ணனும் தம்பியும் சேர்ந்து பக்கத்துப் பக்கத்து மனை வாங்கினார்கள். மாடி பத்தடி உயரத்தில் வரட்டும் என்று பேச்சு. என் தாத்தா தியாங் ஜூ ஈயச் சுரங்கத் துரை வீட்டில் சமையல்காரர், லீவு கிடைக்காது. கட்டி முடிந்த பிறகு வந்து பார்த்தால், தம்பி, உங்கள் அப்பா தியாங் ஹின், தன் பாதியை உயர்த்திக் கட்டியிருக்கிறார். அண்ணன் கூரைக்கு மேலே தம்பி கூரை! அண்ணன் தலையில் காலை வைத்த மாதிரி. 'சேர்ந்து' என்று அர்த்தம் வரும்படி ஹியாப் நாம் என்று பெயர்ப்பலகை எழுதி முடித்திருந்ததால் பிரிக்கவும் முடியவில்லை. நடுவில் மூன்று படி போட்டுச் சேர்த்துவிட்டு, அன்றிலிருந்து பேச்சை நிறுத்தினார்கள். படிக்கு மேலே ஒரு கதவு போட்டு, இரவானால் உங்கள் பக்கத்திலிருந்து தாழ் போடுவதும் அப்போது வந்த வழக்கம்தான்.

உங்கள் பக்கத்துக் கதை வேறு. சின்ன வயதில் அம்மா போன பிறகு உங்களோடு படுத்துக்கொள்வேனே, அப்போது நீங்கள் சொன்னது. அண்ணன் செங்கல் காசை மிச்சம் பிடித்துக் குட்டையாகக் கட்டிவிட்டு, பழியைத் தம்பி மேல் போட்டார் என்று. இரண்டு கதையையும் கேட்டு வளர்ந்தவள் நான் ஒருத்திதான். எது நிஜம் என்று எனக்குத் தெரியாது.

உங்கள் அப்பாவின் படத்துக்குத் தினமும் காலையில் ஊதுவத்தி ஏற்றுகிறேன். நீங்கள் சொல்லிவிட்டுப் போனதை ஒரு நாளும் விடவில்லை. படம் இருக்கும் அவருடைய ஏழாம் அறை சுத்தமாக இருக்கிறது.

போன வாரமும் ஒரு விருந்தாளி படியில் தடுக்கி விழுந்தார். அப்பா என்னைத்தான் திட்டினார். "மூணு படி, பார்த்துன்னு சொல்றதுக்கு என்ன? உன் வாய் வாடகைக்குப் போயிருக்கா?" எனக்கு ஆட்களிடம் சத்தமாகச் சொல்ல வருவதில்லை, அத்தை. விளக்கை மட்டும் போட்டுவிட்டு நிற்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் எழுதியது அப்பாவுக்குத் தெரியாது.

உங்கள் கைப்பிடித்து வளர்ந்த,
லான் ஃபோங்


சுங்கை லெம்பா
11 மார்ச் 2001

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கட்டடத்தைப் பற்றி இனி எழுத வேண்டாம், உன்னைப் பற்றி எழுது என்று சொல்லியிருந்தீர்கள். எழுத உட்கார்ந்தேன். என்னைப் பற்றி எழுதினால் அதிலும் கட்டடம்தான் வருகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என் வேலை இதுதான்: காலையில் படுக்கை விரிப்பு மாற்றுவது, குளியலறை கழுவுவது, மதியம் தையல். நீங்கள் விட்டுப் போன மிஷின் நன்றாக ஓடுகிறது. நான் பள்ளியை விட்டதற்கு நீங்கள் இன்னும் வருத்தப்படுவது கடிதத்தில் தெரிந்தது. நீங்கள் போன பிறகு மாடி அறைகளைப் பார்க்க ஆள் இல்லை, அதனால்தான் என்று அப்பா எல்லோரிடமும் சொல்கிறார். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்கள், எனக்குக் குரல் எழும்பாது. இரண்டும் நிஜம்.

இந்த மாதம் எல்லா அறைக்கும் புதுத் திரை தைத்தேன். விற்கப் போகிற வீட்டுக்கு எதற்குத் திரை என்று அப்பா கேட்டார். வாங்கி வைத்த துணி வீணாகிறது என்றேன். உங்களுக்குத் தெரியும், நாம் எப்போதும் திரையை இரண்டு அடுக்காக வைப்போம், எங்கள் பக்கத்துக்குக் குட்டை, உங்கள் பக்கத்துக்கு நெட்டை என்று. எங்கள் பக்கத்து ஜன்னலை அளந்தால் டேப்பில் சரியாக நாலடி வரும், இல்லை ஐந்தடி வரும். உங்கள் பக்கத்தில் அளந்தால் ஒரு ஜன்னலாவது முழு அடியில் நிற்காது. எப்போதும் அங்குலத்தில் ஒரு வால் நீட்டிக்கொண்டிருக்கும். கட்டினவர்கள் அரைகுறை என்று நீங்களே சொல்லிச் சிரிப்பீர்கள்.

புதன்கிழமை ஏழாம் அறைத் திரையை மாட்ட மேலே போனேன். டேப் கீழே மிஷின் மேல் இருந்தது. இறங்கிப் போகச் சோம்பல். பக்கத்தில் கிடந்ததைக் கையில் எடுத்தேன், அதாவது படிக்கதவுக்குத் தாழ்க்கட்டையாகப் போடுகிற அந்தத் தட்டைக் குச்சி. அதை வைத்து ஜன்னலை அளந்தேன். நாலு தடவை வைத்தால் சரியாக முடிந்தது. நூல் அளவு கூட மீறவில்லை. கதவை அளந்தேன், ஆறு. நிலைப்படி, அலமாரி, எதை அளந்தாலும் முழுசாக வந்தது. குச்சியை ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தேன். ஓரத்தில் கோடுகளும், அழிந்துபோன சிவப்பு எழுத்தும் இருந்தன. இத்தனை வருடம் கதவுக்குப் பின்னால் போட்டு வைத்திருந்தோமே, அது தச்சரின் அடிக்கோல்.

அதை எடுத்துக்கொண்டு பூன் மாமா கடைக்குப் போனேன். சவப்பெட்டி செய்கிற கடைக்குள் தனியாகப் போனது இதுதான் முதல் தடவை. கேட்க வாய் வராமல் குச்சியை நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "அட, இது நம்ம சீனத்து ஊர் அடி! நான் தொழில் பழகினப்போ பெட்டிக்கெல்லாம் இதுலதான் அளவு. வெள்ளைக்காரன் அடியை விட ரெண்டு அங்குலத்துக்கு மேல நீளம்"ன்னு சொன்னார். பிறகு நம் கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு முன்னாலேயே அவருக்குப் புரிந்துவிட்டது போல. கையிலிருந்த உளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

"உன் தாத்தா துரை வீட்டு ஆளு. துரை பங்களா கட்டின காண்டிராக்டரையே கூட்டிட்டு வந்தாரு. சின்னவரு நம்ம கிராமத்துத் தச்சனுங்களக் கூட்டியாந்தாரு. ரெண்டு பேரும் பத்தடின்னு பேசி வச்சுக்கிட்டாங்க. எந்த அடின்னு எவனும் கேக்கல! அடியில வந்த சண்டை லா இது!" சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. இருமி முடிந்ததும் அவர் சிரிக்கவில்லை. "நாப்பது வருஷம் ஒரே வீட்டுல ரெண்டு மேசை போட்டுச் சாப்பிட்டாங்களே" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து, கீழே கோப்பிக் கடைச் சுவரில் சாக்கட்டியால் கோடு போட்டேன். உங்கள் பக்கத்தில் அந்தக் கோலை வைத்துத் தரையிலிருந்து மாடிப் பலகை வரை, நாற்காலி மேல் ஏறி, பிறகு மேசை மேல் நாற்காலி போட்டு. எங்கள் பக்கத்தில் டேப்பை வைத்து. இரண்டு பக்கமும் பத்துதான், அத்தை. தம்பி அண்ணனை விட உயரப் பார்க்கவில்லை. அண்ணன் செங்கல் காசு மிச்சம் பிடிக்கவில்லை. இரண்டு பேரும் சொன்ன சொல் தவறாமல் பத்தடிதான் கட்டியிருக்கிறார்கள்.

இதை உங்களுக்குத்தான் முதலில் எழுதுகிறேன். உங்கள் அப்பா இருந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன். அவரிடம் மட்டும் எனக்குப் பேச வரும்.

சமையலறையில் சூட்டில் நிற்கும்போது தண்ணீர் நிறையக் குடியுங்கள். உங்கள் மனம் லேசாக வேண்டும் என்று முன்னோர் மேடையில் வேண்டிக்கொண்டேன்.

உங்கள்,
லான் ஃபோங்


சுங்கை லெம்பா
27 மார்ச் 2001

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் பதில் வந்தது. சின்னக் கடிதம்தான். அதைப் படிக்க எனக்கு ஒரு நாள் ஆனது.

"கணக்கு சரியாகிவிட்டது என்று நீ சந்தோஷப்படுகிறாய், அந்தக் கோலை வைத்து என் அப்பாவின் பெட்டி கயிற்றில் தொங்கியதை அளக்க முடியுமா?" என்று கேட்டிருந்தீர்கள்.

அந்த நாள் எனக்கு மறக்கவில்லை. உங்கள் அப்பா ஏழாம் அறையில் இறந்தார். வேறு குடும்பத்துப் பிணம் எங்கள் வாசல் வழியாகப் போனால் வீட்டுக்கு ஆகாது என்று அப்பா முன் மாடிப்படிக்குக் குறுக்கே நின்றார். வேறு குடும்பமா என்று நீங்கள் கேட்டீர்கள். பின்பக்கம் இரும்புச் சுழல்படி இருக்கிறதே என்றார் அப்பா. அந்தக் காலத்தில் மலவாளி எடுக்க வருகிறவர்களுக்காகப் போட்ட படி அது. அந்தச் சுழலில் பெட்டி திரும்பாது. கடைசியில் மாவு மூட்டை ஏற்றுகிற கொக்கியில் கயிறு கட்டி, பூன் மாமாவும் ஆட்களும் ஜன்னல் வழியாகப் பெட்டியை இறக்கினார்கள். நீங்கள் மழையில் தெருவில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இறந்தவர் வீட்டை விட்டுப் போகும்போது இதோ படி, இதோ வாசல், இதோ பாலம் என்று குரல் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் வழி தெரியாமல் பின்தங்கிவிடுவார் என்பார்களே. அன்று யாரும் குரல் கொடுக்கவில்லை. ஜன்னலுக்கு என்னவென்று சொல்வது?

உங்கள் கடிதத்தை அப்பாவிடம் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. கல்லாவில் தேயிலை டின்னுக்குப் பக்கத்தில், பிரித்தபடியே வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். தரை ஓட்டை வழியாகப் பார்க்கலாம் என்றால், அது வாசலைத்தான் காட்டும், கல்லாவைக் காட்டாது.

மதியம் அப்பா என்னைக் கூப்பிட்டார். சாக்கட்டிக் கோடுகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். இரண்டு வாரமாக அதைக் கடந்துதான் போய்க்கொண்டிருந்தார். "சுவரை எதுக்குடி கிறுக்கி வச்சிருக்கே?" என்றார். கோலையும் டேப்பையும் எடுத்துக் கொடுத்தேன். அவரே அளந்தார். முழங்கால் வலியோடு மேசை மேல் ஏறி அளந்தார். கோப்பி குடிக்க வந்தவர்கள் கோப்பியை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள். "பத்து" என்றார். எங்கள் பக்கத்துக்கு வந்து, "இங்கயும் பத்து" என்றார். தாத்தாமார்கள் பாவம், தெரியாமல் சண்டை போட்டுவிட்டார்கள் என்று சொல்வார் என்று நினைத்தேன். அவர் மாடிக்குப் போய் மூன்று படிகளில் நடுப்படியில் உட்கார்ந்தார். நானும் பின்னால் போய் நின்றேன்.

"அவங்க ரெண்டு பேருக்கும் அடி தெரியல. எனக்கு எல்லாம் தெரியும். நின்னு தடுத்தது என் கால்தான். தாத்தா கால் இல்ல." இவ்வளவுதான் சொன்னார். சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை.

இதெல்லாம் வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோப்பிக் கடை நிறைந்திருக்கும் நேரத்தில் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கறுப்புக் குடையை எடுத்துவரச் சொன்னார். பூன் மாமாவையும் வரச் சொல்லியிருந்தார். ஏழாம் அறைக்குப் போய், உங்கள் அப்பாவின் படத்துக்கு முன்னால் ஊதுவத்தி ஏற்றி, மண்டியிட்டார். முழங்கால் மடங்க நேரம் ஆனது. பிறகு படத்தை இரண்டு கையாலும் எடுத்து மார்போடு பிடித்துக்கொண்டார். பூன் மாமா படத்துக்கு மேலே குடையை விரித்தார். அப்பா என்னைப் பார்த்து, "வீட்டுல இளையவ நீதான். குரல் குடு" என்றார்.

நான் ஊதுவத்தியைச் சரிசெய்கிற மாதிரி நின்றேன். பூன் மாமா, "குடைக்குக் கீழ ஆளு காத்துக்கிட்டு இருக்காருடி, சீக்கிரம்" என்றார்.

நடைவழியில் படி வரை வந்துவிட்டார்கள். அப்பா முதல் படிக்கு முன்னால் நின்றுவிட்டார், காலை எடுத்து வைக்கவில்லை. நான் சொல்லாமல் வைக்க மாட்டார் என்று புரிந்தது. "சின்னத் தாத்தா, மூணு படி, பார்த்து" என்றேன். கேட்கவில்லை என்றார் அப்பா. மறுபடி சொன்னேன். அப்புறம் எப்படியென்று தெரியவில்லை, அத்தை, குரல் வந்துவிட்டது. சின்னத் தாத்தா, இது எங்க பக்கத்து நடைவழி. சின்னத் தாத்தா, முன் மாடிப்படி வருது, கைப்பிடிய பிடிச்சுக்கங்க. சின்னத் தாத்தா, இதுதான் கோப்பிக் கடை, எல்லாரும் இருக்காங்க. நாற்காலிகள் எல்லாம் பின்னால் நகர்கிற சத்தம் கேட்டது. கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள், காயா ஜாம் தடவிய ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்கள். சின்னத் தாத்தா, முன்வாசல். சின்னத் தாத்தா, அஞ்சடி தாண்டுறோம், இனி தெரு.

கல்லறை மலை தெரிகிற பக்கம் திரும்பி நின்றோம். எதிரே சினிமாக் கொட்டகையில் டேப் குருவிகள் கத்திக்கொண்டே இருந்தன. அப்பா படத்தைப் பார்த்து ஏதோ சொன்னார். அது எனக்குக் கேட்கவில்லை, கேட்க நான் கிட்டப் போகவும் இல்லை. பிறகு அதே முன்வாசல் வழியாக, அதே மாடிப்படி ஏறி, படத்தைத் திரும்ப ஏழாம் அறைக்குக் கொண்டுபோனோம். ஏறும்போதும் ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

இது நடந்ததால் அந்த மழை நாள் நடக்காமல் போய்விடாது, எனக்குத் தெரியும். உங்கள் பக்கம் உங்களுடையது. தவுக்கேவுக்குக் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, அப்பாவும் சொல்லச் சொல்லவில்லை. பினாங்குக்குப் போக வேண்டியிருந்தால் போவேன். பன்னிரண்டு பேர் இருந்தாலும் இப்போது எனக்கு அவ்வளவு பயம் இல்லை.

ஒன்று மட்டும் எழுத வேண்டும். அப்பா அந்த அடிக்கோலைத் துடைத்து, உங்கள் அப்பாவின் படத்துக்குக் கீழே வைத்துவிட்டார். வேறு கட்டை எதுவும் தேடவில்லை. படிக்கதவுக்கு இப்போது தாழ் கிடையாது. இரவில் காற்றுக்குத் தானாகத் திறந்துகொள்கிறது. சாத்தட்டுமா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றார்.

செங் பெங்குக்கு வரும்போது ரெஸ்ட் ஹவுஸில் கொசு அதிகம், அத்தை. ஏழாம் அறைக்கு நெட்டைத் திரை மாட்டியிருக்கிறேன், உங்களுக்குப் பிடித்த பச்சை. ரயிலில் வந்தால் நேரே முன்வாசலுக்கு வாருங்கள். கதவைத் தட்ட வேண்டாம், நான் ஓட்டையில் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன். மாடிப்படி ஏறி நடைவழியில் வாருங்கள், விளக்கு போட்டிருப்பேன். படி கிட்ட வந்ததும் நான் சொல்கிறேன், உங்களுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகவே சொல்கிறேன்.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் லான் ஃபோங்